கரையும் நேரம்

பாம்பன் தெற்குவாடிக் கரையில் மீன் ஏலம் கூறுகிற மாமா ஒருவர் போன ஐப்பசியில் எங்கள் மருந்துக் கடைக்கு வந்து, வாய் திறக்காமல் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். விடியலில் படகுகள் கரை பிடிக்கும்போது பாறைக்கும் சீலாவுக்கும் அவர் விலை சொல்வது தெருமுனை வரைக்கும் கேட்கும். அன்று அவரிடமிருந்து காற்றுதான் வந்தது. மேசையில் கிடந்த துண்டுச் சீட்டை எடுத்து, ‘ஊசி போட்டால் ஆகுமா? காலையில் ஏலம் இருக்கிறது’ என்று எழுதினார்.

காய்ச்சல் இல்லை. சளியும் இருமலும் நான்கு நாளாக இருந்தன. அந்த நான்கு நாளும் அவர் கத்தி ஏலம் கூறியிருக்கிறார். ஊசிக்கு வேலை இல்லை என்று சொல்லி, சப்புகிற மாத்திரை ஒன்றைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். வாயில் போட்டதும் கடைவாயில் இரண்டு கடி கடித்து, தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு, ‘அவ்வளவுதானா?’ என்பது போலக் கையை விரித்தார். இன்னொன்றைப் பிரித்துக் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். "கடிக்க வேண்டாம் மாமா. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவாகக் கரையட்டும், எச்சிலை மட்டும் மெல்ல விழுங்குங்கள்" என்றேன். சுவர்க் கடிகாரத்தில் எட்டு நிமிடம் போனது. ஒன்பதாவது நிமிடம் எச்சில் விழுங்கியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் சுளிக்காமல் விழுங்கியது நான்கு நாளில் அதுதான் முதல் முறை என்று பிறகு சொன்னார்.

இரண்டும் ஒரே அட்டையில் இருந்த மாத்திரைகள். முதலாவது நேரே வயிற்றுக்குப் போய்விட்டது. இரண்டாவது தொண்டையில் தங்கியது. இருபது ஆண்டுகளாக இந்தக் கடையில் நின்று தொண்டை வலிக்கு மருந்து கொடுத்துவருகிறேன். நான் கற்றதில் முக்கியமானது இந்த வேறுபாடுதான். வலிக்கிற இடத்திலேயே வைக்கும் மருந்துக்கு, அது என்ன மருந்து என்பதற்குச் சமமாக, எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறது என்பதும் முக்கியம். இதை யாரும் சீட்டில் எழுதிக் கொடுப்பதில்லை. மருந்தைக் கையில் கொடுப்பவர்தான் வாயால் சொல்லியாக வேண்டும்.

மாமாவுக்குக் குரல் அன்று திரும்பவில்லை. அதைச் சப்பு மாத்திரையிடம் எதிர்பார்க்கவும் கூடாது. கரைகிற சாறு நாக்கின் அடிப்பகுதியையும் தொண்டைச் சுவரையும் நனைத்துவிட்டு உணவுக்குழாய்க்குள் இறங்கிவிடும். குரல்நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாயில். விழுங்கும்போதெல்லாம் உடல் அந்த வாசலை மூடிக்கொள்கிறது. குரல் கட்டியதற்கு மருந்து, பேசாமல் இருப்பதுதான். மூன்று நாள் அவருடைய தங்கை மகன் ஏலம் கூறினான்.

நான் வளர்ந்தது பாம்பனை ஒட்டிய ஒரு குடியிருப்பில். அங்கே ஆண்கள் வலைக்குப் போவார்கள், பெண்கள் பாசிக்குப் போவார்கள். அம்மா சிறுவயதிலிருந்தே பாசி எடுத்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டி, தீவோரப் பாறைகளில் மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார். நெஞ்சளவு நீரில் ஆறு மணி நேரம் கழியும். பிறகு ஈரச் சேலையோடு வள்ளத்தில் திரும்ப வேண்டும். வாடைக் காற்று தொடங்கியதும் ஆண்டுதோறும் அம்மாவுக்குத் தொண்டை நோகும். ஈரத்தால் வருகிறது என்று ஊர் சொன்னது. ஈரம் தனியாகத் தொண்டையைப் புண்ணாக்குவதில்லை. பெரும்பாலான தொண்டை வலிக்குக் காரணம் வைரஸ் கிருமிகள். ஒரே வள்ளத்தில் பத்துப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து, ஒரே செம்பில் தண்ணீர் குடித்து, மாறி மாறி இருமிக்கொண்டு வந்ததை இப்போது நினைத்தால் எனக்கு எல்லாம் விளங்குகிறது.

தொண்டை நோகிற நாளில் அம்மா சாப்பிடமாட்டார், அது பெரிதில்லை. தண்ணீரும் குடிக்கமாட்டார். அதுதான் ஆபத்து. எச்சிலை விழுங்கப் பயந்து, திண்ணையோரம் உட்கார்ந்து துப்பிக்கொண்டே இருப்பார். தண்ணீர் இறங்காமல் சோர்ந்து படுத்துவிட்டால் கடலுக்குப் போக முடியாது, அன்றைய கூலியும் இல்லை. ‘ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும்’ என்று மருத்துவர் சொல்வது உண்மைதான். பெரும்பாலான தொண்டை வலி அப்படித்தான் சரியாகிறது. ஆனால் அந்த ஒரு வாரத்தை எப்படிக் கடப்பது என்பது கூலிக்குப் போகிறவரின் கேள்வி. நோயைக் குணமாக்காமல் வலியை மட்டும் குறைக்கிற மருந்தைச் சிலர் ஏளனமாகப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. அம்மா ஒரு டம்ளர் கஞ்சியை முழுதாகக் குடித்துவிட்டுத் தூங்கிய இரவுகளை அவர்கள் பார்த்ததில்லை.

அப்பத்தாவின் மருத்துவத்துக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் உப்பு வெந்நீரில் கொப்பளிப்பு. அதற்கு மசியவில்லை என்றால் சித்தரத்தை. ஒரு துண்டை நசுக்கி, கடைவாய்க்கும் கன்னத்துக்கும் இடையில் ஒதுக்கி, ஊறுகிற சாற்றை விழுங்க வேண்டும். இரவில் மிளகும் பனங்கற்கண்டும் வாயில் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். வலி அதிகமானால் சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துக் கழுத்துக்கு வெளியே தடவுவார். அது சுர்ரென்று சூடேறும். அதற்கும் அடங்கவில்லையென்றால் ‘உள்நாக்கு இறங்கிவிட்டது’ என்று சொல்லி, கட்டைவிரலில் உப்புத் தொட்டு வாய்க்குள் விட்டு அழுத்துவார்.

கடைசி இரண்டையும் நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை. சுண்ணாம்பு கூடிப்போனால் கழுத்துத் தோல் வெந்துவிடும். குழந்தைகளுக்கு அப்படி வெந்த புண்ணைப் பார்த்திருக்கிறேன். வீங்கியிருக்கிற உள்நாக்கை விரலால் அழுத்தினால் புண் பெரிதாகும், வாந்தி வரும், கிருமியும் சேரும். ஆனால் முதல் மூன்றையும் உற்றுப் பாருங்கள். கொப்பளிப்பது, கன்னத்தில் ஒதுக்குவது, வாயில் கரையவிடுவது. மருந்தை வலிக்கிற இடத்தில் நிறுத்தி வைக்கும் வழிகள் மூன்று. எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவுக்கு அது தெரிந்திருந்தது.

தொண்டை ஏன் அப்படி வலிக்கிறது? கிருமி நுழைந்த சவ்வில் உடல் தன் காவலை அனுப்புகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, சவ்வு வீங்கிச் சிவக்கிறது. அப்போது அந்த இடத்தில் பிராடிகினின், புரோஸ்டாகிளாண்டின் ஆகிய பொருள்கள் சுரக்கின்றன. பிராடிகினின் நரம்பு நுனியைத் தூண்டி வலியை எழுப்பும். புரோஸ்டாகிளாண்டின் அந்த நுனியைக் கூர் தீட்டி வைக்கும். சாதாரணமாக உணரவே உணராத எச்சில்கூட முள்ளாகக் குத்தும். விழுங்கும்போது தொண்டைத் தசைகள் அந்தப் புண் சவ்வை ஒன்றோடொன்று அழுத்தித் தேய்க்கின்றன. கால் புண்ணென்றால் காலை நீட்டி உட்கார்ந்துவிடலாம். தொண்டைக்கு அந்த ஓய்வு இல்லை. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை, தூக்கத்திலும்கூட, நாம் விழுங்கிக்கொண்டே இருக்கிறோம்.

காதும் சேர்ந்து வலிப்பதற்கும் காரணம் உண்டு. தொண்டையின் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் ஒன்பதாவது மூளை நரம்பிலிருந்து ஒரு கிளை நடுக்காதுக்கும் போகிறது. செய்தி எந்தக் கிளையில் வந்தது என்று மூளை குழம்புகிறது. தொண்டை வலியோடு வருகிறவர் காதுக்குச் சொட்டு மருந்து கேட்டால், நான் முதலில் தொண்டையைத்தான் கவனிக்கச் சொல்வேன்.

இந்த வலியை மூன்று இடத்தில் மறிக்கலாம். நரம்பு செய்தி அனுப்புவதையே நிறுத்தலாம். நரம்பைக் கூர் தீட்டும் பொருள் சுரப்பதைக் குறைக்கலாம். அல்லது புண்ணின்மேல் ஒரு பூச்சை விரித்து உராய்வைத் தடுக்கலாம்.

முதல் வழிக்கு மரத்துப்போகச் செய்யும் மருந்துகள். 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர் கொக்கெயின் கரைசலைக் கண்ணில் விட்டு, வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று காட்டினார். அதே ஊரில் அதே ஆண்டிலேயே தொண்டை மருத்துவர்களும் அதைத் தொண்டையில் தடவிப் பார்த்தார்கள். அடிமைப்படுத்தும் அந்த மருந்தைக் கைவிட வைத்தவை பின்னால் வந்த பென்சொகெயினும், 1943-இல் சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிடொகெயினும். எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றுதான். நரம்பில் சோடியம் நுழைகிற நுண்ணிய வாயில்களை அடைத்துவிடும். சோடியம் நுழையாவிட்டால் மின் அலை எழாது. அலை எழாவிட்டால் வலி என்ற செய்தியும் மூளைக்குப் போகாது. மருந்து இரத்தத்தில் கலந்து சுற்றி வரத் தேவையில்லை என்பதால் சில நிமிடங்களிலேயே பலன் தெரிகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மருந்து நரம்புக்குள் நுழைய வேண்டுமானால் அது மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். வீங்கிய சவ்வில் அமிலத்தன்மை கூடியிருக்கும். அமிலம் லிடொகெயினை மின்னேற்றம் பெற்ற வடிவுக்குத் தள்ளிவிடும். ஆகவே மிகவும் அழன்றிருக்கிற தொண்டையில் மரப்பு மருந்து எதிர்பார்த்த அளவு வேலை செய்யாமல் போகலாம். ‘போன முறை கேட்டது, இந்த முறை கேட்கவில்லை’ என்று திரும்பி வருகிறவர்கள் பொய் சொல்வதில்லை. மரத்த தொண்டைக்கு உணவு இறங்கும் வழியும் சரியாகத் தெரியாது, புரையேறும். அதனால் மரப்பு தீரும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பென்சொகெயின் கொடுக்கவே கூடாது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது கெடுத்துவிடக்கூடும். வெளிநாட்டிலிருந்து வாப்பா கொண்டுவந்த தொண்டை மருந்து என்று, கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டுக் கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா வந்தார். சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, அதை என் கையிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுக்கும் மருந்தை விழுங்கினால் அது வயிறு, இரத்தம், சிறுநீரகம் எல்லாவற்றையும் சுற்றிக் கடைசியில் ஒரு துளி தொண்டைக்கு வரும். அதையே சப்புகிற மாத்திரையாக்கினால்? ஃப்ளர்பிப்ரோஃபென் என்ற மருந்து மூட்டு வலிக்கு 50 அல்லது 100 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கப்படுகிறது. தொண்டைக்கான சப்பு மாத்திரையில் இருப்பது 8.75 மில்லிகிராம் மட்டுமே. வேண்டிய இடத்திலேயே கரைவதால் அவ்வளவு சிறிய அளவு போதுமானதாகிவிடுகிறது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் போகாமல், மூன்று நாளுக்கு மேல் தொடராமல். வயிற்றுப் புண் உள்ளவர்களும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்களும் தொடக் கூடாது. அளவு சிறிதென்றாலும் மருந்து மருந்துதான். பென்சிடமின் என்ற மருந்தும் இதே குடும்பத்துக்குப் பக்கத்து வீடு, 0.15 சதவீதக் கரைசலாகக் கொப்பளிக்கக் கிடைக்கும். அழற்சியையும் குறைக்கும், கொஞ்சம் மரக்கவும் வைக்கும்.

ஏலக்கார மாமாவுக்கு நான் கொடுத்தது இவை இரண்டும் இல்லை. அமைல்மெட்டாகிரெசாலும் டைகுளோரோபென்சைல் ஆல்கஹாலும் சேர்ந்த சாதாரணக் கிருமிநாசினி மாத்திரை. அந்த இரண்டுக்கும் சோடியம் வாயிலை மெல்ல அடைக்கும் குணமும் இருக்கிறது. சப்பும்போது சுரக்கிற எச்சிலும் அதன் இனிப்புப் பிசுபிசுப்பும் புண்ணின்மேல் படிவது மூன்றாவது வழி. ஒரு மாத்திரைக்குள் இரண்டு வழிகள்.

மூன்றாவது வழியைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு நினைவு வருவது ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பி.

ஒன்பது வயதில் எனக்குத் தொண்டையில் டான்சில் என்கிற சதை வீங்கிக் காய்ச்சல் வந்தது. அப்பா தோளில் தூக்கிக்கொண்டு டவுனில் ஒரு மருத்துவரிடம் போனார். அங்கே இருந்த கம்பவுண்டர் நீண்ட குச்சியில் பஞ்சைச் சுற்றி, குப்பிக்குள் விட்டு எடுத்து, "ஆ சொல்லு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் தொண்டையின் இரண்டு பக்கமும் தடவிவிட்டார். இனிப்பு, புதினா வாசம், இரும்புத் துரு போன்ற ஒரு சுவை, எரிச்சல், பிறகு குளிர்ச்சி. வீட்டுக்கு வரும் வழியில் சர்பத் வாங்கிக் கொடுத்தார் அப்பா. குடித்துவிட்டேன். வலிக்காமல் குடித்ததை நம்ப முடியாமல் இன்னொன்று கேட்டேன்.

மருந்தாளுநர் படிப்புக்குப் போனபோதுதான் அதன் பெயர் மண்டல்ஸ் பெயிண்ட் என்று தெரிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த தொண்டை மருத்துவர் லூயி மண்டலின் பெயர் அது. செய்முறைத் தேர்வில் நானே அதைச் செய்தேன். அயோடின் 1.25 கிராம், பொட்டாசியம் அயோடைடு 2.5 கிராம், சிறிது ஆல்கஹால், சிறிது தண்ணீர், புதினா எண்ணெய் 0.4 மில்லிலிட்டர், 100 மில்லிலிட்டர் ஆகும்வரை கிளிசரின். அயோடின் தண்ணீரில் எளிதில் கரையாது. பொட்டாசியம் அயோடைடு சேர்ந்தால்தான் கரையும். அந்தக் கலவையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போதும் சொல்ல முடிகிறது. அயோடின் கிருமியைக் கொல்லும். புதினா குளிரூட்டும். கிளிசரினுக்குத்தான் பெரிய பொறுப்பு. பிசுபிசுப்பாக இருப்பதால் மருந்தை எச்சில் அடித்துக்கொண்டு போகவிடாமல் சதைமேல் பிடித்து வைக்கும். நீரை இழுக்கும் குணத்தால் வீங்கிய சவ்விலிருந்து கொஞ்சம் நீரையும் வாங்கிக்கொள்ளும். மருந்து தங்கும் நேரத்தை நீட்டுவதற்காகவே சேர்க்கப்பட்ட பொருள் அது.

அயோடினுக்குப் பின்னால் இன்னொரு கதை இருந்தது. 1811-இல் பிரான்சில் பெர்னார் குர்த்துவா என்பவர் வெடியுப்புத் தயாரிப்பதற்காகக் கடற்பாசியை எரித்த சாம்பலைப் பயன்படுத்திவந்தார். ஒரு நாள் கந்தக அமிலம் கூடிப்போனது. சாம்பலிலிருந்து ஊதா நிற ஆவி எழுந்து, குளிர்ந்த இடத்தில் கறுத்த படிகமாகப் படிந்தது. அதுதான் அயோடின், ஊதா என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அந்த வகுப்பு முடிந்து விடுதிக்கு வந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் கடலுக்கடியில் பிய்க்கிற பாசியின் சொந்தக்காரனைச் சுட்ட சாம்பலில்தான் என் தொண்டைக்குத் தடவிய மருந்து முதலில் கண்டெடுக்கப்பட்டது என்று. அம்மாவுக்கு அதைத் தம்பிதான் படித்துக் காட்டினான். குர்த்துவா எரித்தது குளிர்க்கடலின் பழுப்புப் பாசி. எங்கள் கரையில் அதற்கு நெருங்கிய உறவு கட்டக்கோரை. அம்மா எடுத்த மரிக்கொழுந்து சிவப்புப் பாசி வகை, அதிலிருந்து அகர் எடுப்பார்கள். கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் வரும். இரண்டும் நீரில் ஊறிக் கொழகொழவென்று ஆகிப் படிகிறவை. கஞ்சிப்பாசி என்று இன்னொன்று இருக்கிறது; பெயரே சொல்கிறது. தொண்டை நோகிற நாளில் அப்பத்தா அதை வேகவைத்து வடிகட்டிப் பனங்கருப்பட்டி போட்டுக் கொடுப்பார். இறங்கும்போது தொண்டை முழுவதும் பட்டுப்போல் ஒரு பூச்சு விழும்.

மண்டல்ஸ் பெயிண்டை இப்போது பல மருத்துவர்கள் எழுதுவதில்லை. வயதானவர்கள் மட்டும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அயோடின் கலந்த எதையும், கொப்பளிக்கும் போவிடோன் அயோடினையும் சேர்த்துத்தான், மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. சவ்வு வழியாக அது உடம்புக்குள் போகும்.

புதினாவின் குளிர்ச்சி உண்மையான குளிர்ச்சி இல்லை. தொண்டையின் வெப்பநிலையில் ஒரு புள்ளிகூட இறங்குவதில்லை. நரம்பு நுனியில் குளிரை உணரும் புரதம் ஒன்று இருக்கிறது; மென்தால் அதைத் தட்டி எழுப்பி, ‘குளிர் வந்தது’ என்று சொல்ல வைக்கிறது. டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியாக மென்தாலைக் கொண்டே அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆய்வுக்காக இருவருக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகின் காரம் இதற்கு எதிர்ப்பக்கத்து வாசலைத் தட்டுகிறது, சூட்டை உணரும் புரதத்தை. முதலில் எரிந்து, பிறகு அந்த நுனி களைத்து அடங்கிவிடும். கிராம்பில் இருக்கிற யூஜினால் பல் வலிக்கும் தொண்டைக்கும் மரப்பு மருந்தாகவே நடந்துகொள்கிறது.

உண்மையான குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. வண்டி வண்டியாக வந்து மீன் பெட்டியில் கொட்டுவார்கள். ஆனால் தொண்டை நோகிறவருக்கு ஐஸ் கொடுத்தால் ஊரே சண்டைக்கு வரும். சிறு ஐஸ் துண்டை வாயில் கரையவிட்டால் நரம்பு மரக்கும், வீக்கம் கொஞ்சம் வற்றும். பெரியவர்களுக்கு அது நல்ல மருந்து. மீன் பெட்டி ஐஸ் வேண்டாம், குடிக்கிற தண்ணீரில் வீட்டில் உறையவைத்தது போதும். கோடையில் நுங்கு இருக்கிறது. சாயல்குடிப் பக்கத்திலிருந்து வருகிற இளநுங்கைக் குளிர்ந்த நீரில் போட்டு வைத்துக் கொடுத்துப் பாருங்கள், எதுவும் இறங்காத தொண்டையில் அது வழுக்கிக்கொண்டு இறங்கும். இதைச் சொல்லிச் சொல்லி என் மாமியாரோடு எத்தனை வருடம் வாதாடியிருக்கிறேன்! போன சித்திரையில் அவரே எனக்கு நுங்கு வெட்டிக் கொடுத்தார்.

உப்புத் தண்ணீருக்கு வருகிறேன். வாலிநோக்கத்து உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உப்பின் அருமை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அளவு முக்கியம். படகில் போகும் தம்பிகள் சிலர் கடல் நீரையே அள்ளிக் கொப்பளிக்கிறார்கள். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் உடல் நீரில் 9 கிராம். அவ்வளவு வேறுபாடு புண்ணான சவ்வை எரிக்கும், உலர்த்தும். துறைமுக ஓரத்து நீரில் டீசலும் கழிவும் வேறு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு போதும். உடல் நீரைவிடச் சற்றே உப்புக் கூடிய அந்த நீர், வீங்கிய சவ்விலிருந்து மெல்ல நீரை இழுக்கும், ஒட்டியிருக்கும் சளியைக் கழுவும்.

கொப்பளிப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. தலையைப் பின்னால் சாய்த்துக் களகளவென்று சத்தம் எழுப்பினாலும் நீர் அண்ணத்தையும் சதையின் முன்பக்கத்தையும் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. தொண்டையின் பின்சுவரை அது சரியாக எட்டுவதில்லை. எட்டிய இடத்திலும் துப்பியதோடு பெரும்பகுதி போய்விடும். மெல்லக் கரையும் மாத்திரை எச்சிலோடு கலந்து, நிமிடக் கணக்கில், விழுங்கும் வழியெல்லாம் பூசிக்கொண்டு போகிறது. அதனால்தான் கொப்பளித்துவிட்டு உடனே தண்ணீர் குடிக்க வேண்டாம், மாத்திரை கரைந்ததும் தேநீர் குடிக்க வேண்டாம் என்று சொல்கிறேன். பத்துப் பதினைந்து நிமிடமாவது விட்டுவிடுங்கள். தேனும் அப்படித்தான். வெந்நீரில் கரைத்து மடக்கென்று குடிப்பதைவிடக் கரண்டியில் எடுத்து நாக்கில் வழியவிடுவது நல்லது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் நாக்கில்கூட வைக்கக் கூடாது. நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சப்பு மாத்திரையும் வேண்டாம், மூச்சுக் குழாயில் சிக்கிக்கொள்ளும்.

இவ்வளவு நேரம் இந்த மருந்துகளைப் புகழ்ந்தேன். அவற்றை நம்பி எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும் எழுதாமல் இருக்க முடியாது.

சித்தி மகனுக்கு அப்போது பத்து வயது. அடிக்கடி தொண்டை வலிக்கும், காய்ச்சல் அடிக்கும். இருமல் இருக்காது. கழுத்தில் நெறி கட்டும், தொட்டால் வலிக்கும். ஒவ்வொரு முறையும் தொண்டைக்கு மருந்து தடவுவார்கள். இரண்டு நாளில் வலி போய்விடும், பிள்ளை கடற்கரைக்கு ஓடிவிடுவான். வலி போனதால் யாருமே அடுத்த கேள்வி கேட்கவில்லை. மருந்து தடவிய இடத்திலும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு முழங்கால் வீங்கியது. இரண்டு நாளில் அது வடிந்து கணுக்கால் வீங்கியது. பிறகு படியேறினால் மூச்சு வாங்கியது. மதுரைக்குக் கொண்டுபோனபோது இதய வால்வு கெட்டிருக்கிறது என்றார்கள்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவில் ஒரு பிரிவு தொண்டையைத் தாக்கும்போது, அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் படை சிலருக்குத் தன் இதயத்தையும் மூட்டையும்கூடத் தாக்கிவிடுகிறது. அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பென்சிலின் வகை மருந்தைத் தொடங்கி, மருத்துவர் சொன்ன நாள் முழுவதும், பொதுவாகப் பத்து நாள், கொடுத்துவிட்டால் பெரும்பாலும் இதைத் தடுத்துவிடலாம். தொண்டையில் தடவுகிற எதுவும் இதைத் தடுக்காது. அயோடின் மேற்பரப்பில் இருக்கிற கிருமியைக் கொல்லும். சதையின் மடிப்புகளுக்குள் ஆழ்ந்திருப்பதை அது தொடுவதில்லை. இன்று அவனுக்கு முப்பத்தொரு வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்கிறான். ஆழ்கடலுக்குப் போக முடியாததால் வலை பின்னுகிறான்.

ஆகையால் பிள்ளைக்குத் தொண்டை வலி என்று யார் வந்தாலும் நான் இதையெல்லாம் கேட்கிறேன். காய்ச்சல் இருக்கிறதா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, சதையில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா, இருமலும் சளியும் இல்லையா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் சப்பு மாத்திரையோடு அனுப்பிவிடுவதில்லை, மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறேன். வாய் திறக்க முடியாமல் எச்சில் வழிந்தாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ, தொண்டையில் சாம்பல் நிறத் தோல் படர்ந்திருந்தாலோ ஆட்டோவை நானே கூப்பிடுவேன். கடைசியாகச் சொன்னது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். பீடியும் புகையிலையும் போடுகிறவர் மூன்று வாரத்துக்கு மேலாக ஒரு பக்கத் தொண்டை வலி என்று மாத்திரை கேட்டால், கொடுக்க மாட்டேன். அது புற்றுநோய்க்கான பரிசோதனை செய்ய வேண்டிய வலி. இரண்டு பேர் என்னோடு சண்டை போட்டுவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். ஒருவர் மறுபடியும் வந்து, பரிசோதனைச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. வைரஸால் வந்த சாதாரணத் தொண்டை வலிக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை இரண்டு நாளுக்கு மட்டும் கொடு என்று கேட்டு வருகிறார்கள். வைரஸை அது தொடாது. வேண்டாத இடத்தில் விழுங்கி விழுங்கி, வேண்டிய நாளில் அது வேலை செய்யாமல் போகும்.

அம்மா பாசிக்குப் போவதை நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. போன மார்கழியில் வாடைக் காற்று எழுந்தபோது பழையபடி தொண்டை பிடித்துக்கொண்டது. பார்த்தேன், காய்ச்சல் இல்லை, நெறி இல்லை, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து மாத்திரை கொண்டுபோயிருந்தேன். எப்படிப் போட வேண்டும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், கையில் வாங்கி நாக்கால் ஒரு புரட்டுப் புரட்டி, இடது கன்னத்துக்குள், கடைவாய்ப் பல்லுக்கு வெளியே தள்ளிக்கொண்டார். சித்தரத்தைத் துண்டை அப்பத்தா வைக்கச் சொன்ன அதே இடம். கன்னம் ஒரு பக்கம் புடைத்திருக்க, காய்ந்த துணியை மடித்தபடி வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வேலி ஓரத்துப் பனையில் காற்று சலசலத்தது. நான் அடுப்பில் கஞ்சிப்பாசியை வேகவைத்தேன்.

வடிகட்டி எடுத்து வந்தபோது கன்னம் வற்றியிருந்தது. டம்ளரை நீட்டினேன். கையை உயர்த்திப் பொறு என்று காட்டினார். மாத்திரை கரைந்து முடிந்தாலும் தொண்டையில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதாக, கழுத்தைத் தொட்டுக் காட்டினார். கஞ்சியை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.